டிகிரி என்றால் எந்த டிகிரி?

நண்பர் ஒருவர் பதறிப் போய் போன் செய்தார். "பயாஸ் செட்டப்பில் சிபியூ வெப்பம் 122 டிகிரி காட்டுகிறது. பிராசசர் எரிந்து விடுமா?" எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து உள்ளது என்று கேட்டேன். "எஃப்" என்றார். அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் 50தான். பயப்பட ஒன்றுமில்லை.

சில மாதம் கழித்து அவர் வீட்டில் இதற்கு நேர் எதிரான தவறு நடந்தது. குழந்தைக்கு உடம்பு சுட்டது. புது டிஜிட்டல் தெர்மாமீட்டர் 39.5 என்று காட்டியது. கெட்டுப் போன தெர்மாமீட்டர் என்று ஒதுக்கி விட்டார்கள். உண்மையில் அது செல்சியஸ். நமக்குப் பழகிய ஃபாரன்ஹீட்டில் 103.1. டாக்டரிடம் காட்ட வேண்டிய காய்ச்சல்!

மூன்று அளவுகளையும் பார்ப்போம்.

செல்சியஸ்: தண்ணீர் 0 டிகிரியில் உறையும், 100 டிகிரியில் கொதிக்கும். ஸ்வீடன் நாட்டு செல்சியஸ் 1742-இல் இதை அறிவித்தபோது கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று தலைகீழாக வைத்திருந்தார். பிறகுதான் மாற்றினார்கள்.

ஃபாரன்ஹீட்: தண்ணீர் உறைவது 32, கொதிப்பது 212. இடையில் 180 பிரிவுகள். செல்சியஸில் 100 பிரிவுகள். எனவே 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 1.8 ஏறும்.

கெல்வின்: இதன் 0 என்பது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே குளிர் கிடையாது. மானிட்டர் மெனுவில் வரும் 6500, 9300 ஆகியவை கெல்வின்தான். மானிட்டரின் சூடு அல்ல, வெள்ளை நிறத்தின் சாயல். எண் கூடினால் நீலம் தூக்கலாகத் தெரியும்.

எக்ஸெலில் மாற்ற: ஏ2 செல்லில் ஃபாரன்ஹீட் எண்ணை டைப் செய்யுங்கள். பி2 செல்லில் =( என்று டைப் செய்து, ஏ2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். தொடர்ந்து -32)*5/9 என்று அடித்து என்டர் தட்டுங்கள். செல்சியஸ் வந்து விடும்.

ஓர் எச்சரிக்கை. புது ஃபேன் போட்டதும் சூடு 10 டிகிரி செல்சியஸ் குறைந்தது என்றால், ஃபாரன்ஹீட்டில் குறைந்தது 18. ஐம்பது அல்ல. வித்தியாசத்தை மாற்றும்போது 32-ஐத் தொடக் கூடாது.

பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் அளவை மாற்றிக் கொள்ளும் வசதி உண்டு. உங்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் எந்த அளவில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். காய்ச்சல் வந்த ராத்திரியில் கணக்குப் போட வேண்டாம்.