ஜிகினா ஒட்டிய பாட்டிலை யார் வாங்குவார்?

நம்பிக்கை: குப்பையில் கைவினைப் பொருள் செய்யவைத்தால் பிள்ளைகள் மறுபயன்பாட்டைக் கற்றுக்கொள்வார்கள்.

உண்மை: ‘கழிவிலிருந்து கலை’ போட்டிக்கு முந்தின நாள் இரவு ஸ்டேஷனரி கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஐஸ் குச்சிக் கட்டு, ஜிகினாத்தூள், பசை எல்லாம் புதிதாக விற்றுத் தீரும். எங்கள் வீட்டில் காலி பாட்டில் இல்லை. மகளுக்காகக் குளிர்பானம் வாங்கி, அவசர அவசரமாகக் குடித்துக் காலி செய்தோம்! அது பூச்சாடியாகி மூன்று நாள் மேசையில் இருந்தது. பிறகு பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனால், “இது ஓடாதுங்க” என்று தள்ளிவிட்டார். ஒன்றும் ஒட்டாத பாட்டிலாக இருந்தால் எடுத்திருப்பார்.

முழுப்பரீட்சை முடிந்ததும் நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, அடுத்த ஆண்டுக்கு ரஃப் நோட்டு ஆக்கியவர்கள் நாம். மறுபயன்பாடு அதுதான். அதற்குப் பரிசு கொடுக்கும் பள்ளியை இன்னும் பார்க்கவில்லை.

நம்பிக்கை: காகிதம்தானே, எவ்வளவு வீணானாலும் மறுசுழற்சிக்குப் போய்விடும்.

உண்மை: கூழாக்கும் ஒவ்வொரு முறையும் காகிதத்தின் இழை குட்டையாகிறது. ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறைதான் தாங்கும். எண்ணெய்க் கறை படிந்த தாளும் லேமினேட் செய்த சார்ட்டும் பெரும்பாலும் அந்த வழிக்கே போவதில்லை. இரண்டு பக்கமும் எழுதப் பழக்குவதுதான் முதல் பாடம். குறைப்பது முதலில், மறுசுழற்சி கடைசியில். சுவரில் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறோம். வகுப்பில் தலைகீழாக நடத்துகிறோம்.

நம்பிக்கை: ஆண்டு விழாவுக்குப் பேப்பர் கப் வாங்கினால் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிட்டோம்.

உண்மை: கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று.

நம்பிக்கை: சின்னப் பிள்ளைகளுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது.

உண்மை: சத்துணவு முட்டை ஓடு, பென்சில் சீவல், வாழைப்பழத் தோல் மட்கும், பேனா ரீஃபிலும் சிப்ஸ் பாக்கெட்டும் மட்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். சறுக்குவது பெரியவர்கள். காலையில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிரித்துப் போட்டதை மாலையில் ஒரே சாக்கில் கொட்டினால், ஜன்னலோரப் பிள்ளை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: அந்த இரண்டு தொட்டிகளும் சாயங்காலம் எங்கே போகின்றன?