மழைக் கணக்கை ஆர்-ல் போடும் முன்

தங்கச்சி, பிராஜெக்ட்டுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி மழைக் கணக்கை எடுத்திருக்கிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் கரிசலில் பருத்தியும் குதிரைவாலியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இருக்கின்றன. இந்தக் கணக்கு தப்பாகக் கூடாது.

சாஃப்ட்வேர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எஸ்.பி.எஸ்.எஸ். காலேஜ் லேபில் கிடைக்கலாம். சொந்தமாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. திருட்டுக் காப்பி வேண்டவே வேண்டாம். ஆர் இலவசம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது. முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29-ல் வந்தது. கோடு எழுதப் பயமாக இருந்தால் ஜமோவியில் ஆரம்பி. அதுவும் இலவசம், உள்ளே ஓடுவது ஆர்தான். உன் தோழி கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடத்தில் வயல் சோதனை செய்தால், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரேப்ஸைக் காட்டு. பிரௌசரிலேயே அனோவா போட்டுவிடலாம்.

இனி கவனமாகக் கேள். நம் ஊர் மழைக் கணக்கில் பாதிக்கு மேல் சைபர்தான். சைபர் என்றால் அளந்து பார்த்தார்கள், மழை இல்லை. காலிக் கட்டம் என்றால் அளந்த கணக்கே கையில் இல்லை. ஐந்து நாளில் 0, 0, 0, 62, ஒரு காலிக் கட்டம் என்று வை. காலியைச் சைபராக்கினால் சராசரி 12.4 மி.மீ.; விட்டுவிட்டால் 15.5. எக்செல் ஒன்றும் சொல்லாமல் காலியைத் தாண்டிக் கூட்டிவிடும், மாத மொத்தம் குறைந்து நிற்கும். ஆர் அப்படி விடாது, என்.ஏ. என்று சொல்லி நின்றுவிடும். உடனே என்.ஏ.வை நீக்கும் கட்டளையைப் போட்டு ஓடாதே. எந்த மாதத்தில் எத்தனை நாள் விடுபட்டது என்று எண்ணு. பிப்ரவரியில் ஒரு நாள் போனால் சமாளிக்கலாம். நவம்பரில் போன ஒரு நாள் அந்த வருஷத்துக் கண்மாயையே நிரப்பிய நாளாக இருக்கலாம்.

தேதியும் அதே அளவு ஆபத்து. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால், நவம்பர் 3 என்று நீ அடிக்கும் 03-11-ஐ எக்செல் மார்ச் 11 என்று எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை கோடை மழையாகிவிடும். 13-11 அதற்குத் தேதியாகப் புரியாது, எழுத்தாக நினைத்துக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிறுத்தும். அந்த அடையாளத்தைப் பார்த்தால் அந்த பைலை மூடிவிட்டு, 2023-11-03 என்று வருஷம் முன்னால் வருகிற மாதிரி மறுபடி அடி.

மழைமானியில் காலை 8.30-க்குத்தான் அளப்பார்கள். தீபாவளி ராத்திரி கொட்டியது என்று சம்சாரி சொல்வது ரெஜிஸ்டரில் மறுநாள் தேதியில் இருக்கும். அவர் சொன்னது பொய் என்று முடிவு கட்டிவிடாதே. மழை நாளை எண்ணும்போது 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்த நாளை மட்டும் எடு, வானிலைத் துறையின் கணக்கு அதுதான்.

கிணற்று நீர்மட்டத்தையும் சேர்க்கப் போகிறாயா? அது தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்ற அளவு. எண் ஏறினால் தண்ணீர் இறங்குகிறது. கிராஃபில் அச்சைத் தலைகீழாக்கிவிடு, பார்க்கிறவர்கள் குழம்ப மாட்டார்கள்.

சராசரியோடு மீடியனையும் கட்டாயம் எழுது. ஒரே ஒரு புயல் வருஷம் சராசரியைத் தூக்கிவிடும். நம் ஊரில் வழக்கமான வருஷம் எப்படி என்று மீடியன்தான் காட்டும். மழை கூடியதா குறைந்ததா என்று பார்க்க மான்-கெண்டால் சோதனை போதும். அதற்கும் கையில் 30 வருஷக் கணக்காவது இருக்கட்டும். பத்து வருஷத்தை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று எழுதினால், வைவாவில் முதல் கேள்வியே அதுதான் வரும்.