சுவடு அழியாத் திருத்தம்

நுழையும்முன்

பலர் கைபட்ட ஒரு நூலில் முந்தைய வடிவம் எது, பிந்தையது எது, மாற்றியவர் யார்? ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழுந்த இவ்வினா கணினிக் காலத்திலும் தொடர்கிறது. இதற்குக் கணினியுலகம் கண்ட விடையே பதிப்பு மேலாண்மை. அதனை நாள்தோறும் கையாளும்போது எழும் இடர்களையும் தீர்வுகளையும் போடிநாயக்கனூர் மலைச்சரிவில் வழங்கும் ஒரு சொல்லின் துணையுடன் இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்தில் ஓர் அகராதி

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் போடிநாயக்கனூர். இங்கிருந்து போடிமெட்டு வழியே ஏறும் சாலை, கேரளத்தின் ஏலமலைக்குச் செல்கிறது. அங்கு விளையும் ஏலக்காய் போடியிலும், மலைக்கு அப்பாலுள்ள புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது.

இத்தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து அகராதி உருவாக்க மாணவியர் இருவர் முனைவதாகக் கொள்வோம். ஒருவர் நகரத்து வணிகரிடமும் மற்றவர் மலைத்தோட்டத் தொழிலாளரிடமும் சொற்களைத் திரட்டுகின்றனர். சில நாள்களிலேயே ‘அகராதி’, ‘அகராதி புதியது’, ‘அகராதி இறுதி’, ‘அகராதி உண்மையான இறுதி’ எனக் கோப்புகள் பெருகிவிடுகின்றன. எதில் எந்தச் சொல் திருத்தப்பட்டது என்பதை இருவராலும் கூற இயலவில்லை. பதிப்பு மேலாண்மைக் கருவியின் தேவை இங்குத்தான் பிறக்கிறது.

கிட் என்னும் கருவி

இவ்வகைக் கருவிகளுள் இன்று பெருவழக்காக உள்ளது ‘கிட்’. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுதுவோரின் பணியை ஒருங்கிணைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயர், நாள், நேரம், காரணக் குறிப்பு ஆகியவற்றுடன் இது சேமிக்கிறது. இச்சேமிப்பே ‘கமிட்’ எனப்படும் பதிவு; பதிவுகள் அனைத்தும் அடங்கிய இடம் களஞ்சியம்.

களஞ்சியத்தின் முழு வரலாறும் பொதுவாகப் பங்கேற்பவர் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். எனவே, இணையத் தொடர்பு கிட்டாத மலைச்சரிவிலும் மாணவி தம் திருத்தங்களைப் பதிவு செய்யலாம். தொடர்பு கிடைத்தபின் அவற்றைப் பொதுக் களஞ்சியத்திற்கு அனுப்பலாம்.

இடர்களும் தீர்வுகளும்

இடர் எதுவாயினும் முதலில் செய்யத்தக்கது நிலையறிதல். ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை, திருத்தப்பட்ட கோப்புகள் எவை, பதிவுக்கெனத் தெரிவு செய்யப்பட்டவை எவை, இன்னும் சேர்க்கப்படாதவை எவை என்பவற்றைக் காட்டும். “நான் எழுதியது தோழியின் கணினிக்குச் செல்லவில்லையே” என்னும் குறைக்குப் பெரும்பாலும் இங்கேயே விடை கிடைக்கும். கோப்பு சேர்க்கப்படாமலோ, பதிவு அனுப்பப்படாமலோ இருந்திருக்கும்.

அடுத்தது, அனுப்பிய பதிவு ஏற்கப்படாமை. நகரத்து மாணவி முன்னரே புதிய பதிவுகளை அனுப்பியிருந்தால், மலையிலிருந்து இறங்கி வந்தவர் அனுப்புவதைப் பொதுக் களஞ்சியம் மறுக்கும். இம்மறுப்பு ஒரு பாதுகாப்பு. முதலில் ‘கிட் புல்’ கட்டளையால் தோழியின் பதிவுகளைப் பெற்று, தம்முடையவற்றோடு இணைத்து, அதன்பின் அனுப்ப வேண்டும். கட்டாயப்படுத்தி அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் அது தோழியின் உழைப்பைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடக்கூடும்.

மூன்றாவது இடர் முரண். இருவரும் அகராதியின் ஒரே வரியைத் திருத்தியுள்ளனர். மலைக்குச் சென்றவர் “ஏலம்: நறுமணக் காய் தரும் செடி” என எழுதியிருக்கிறார். நகரத்தில் இருந்தவர் “ஏலம்: பலர் விலை கேட்க, மிகுதியாகக் கேட்டவருக்கு விற்கும் முறை” என எழுதியிருக்கிறார். கருவி இரண்டையும் குறியீடுகளால் பிரித்துக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எது சரி என அது கூறுவதில்லை. அதனால் கூறவும் இயலாது.

இங்கு மொழியறிவே துணை செய்யும். செடியைக் குறிக்கும் ஏலம் நம் மொழியில் தொன்றுதொட்டு வழங்குவது. விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து கலந்தது. ஒலியால் ஒன்றாயினும் இவை இருவேறு சொற்கள். ஆகவே ஒன்றை நீக்காமல், இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக அமைத்து, குறியீடுகளை அகற்றிப் பதிவு செய்வதே தீர்வு. யாருடைய வரி வெல்ல வேண்டும் என்று மட்டும் நோக்கியிருந்தால் அகராதி ஒரு சொல்லை இழந்திருக்கும்.

நான்காவது, பிழையான பதிவு. அது பிறரைச் சென்றடைந்துவிட்டால் வரலாற்றை மாற்றி எழுதுதல் தகாது. ‘கிட் ரிவர்ட்’ கட்டளை, அப்பிழையை நேர்செய்யும் புதிய பதிவு ஒன்றை உருவாக்கும். பிழையும் திருத்தமும் அடுத்தடுத்து நிற்கும். தொலைந்ததாகத் தோன்றும் பதிவைப் பெரும்பாலும் ‘கிட் ரிஃப்ளாக்’ கட்டளையால் கண்டுபிடித்து மீட்கலாம். பதிவே செய்யப்படாத திருத்தம் அழிந்தால் கருவியிடம் அதற்கு மீட்பில்லை. அதனால் சிறிது சிறிதாக, அடிக்கடி பதிவு செய்வது நன்று.

தெரிந்து தெளிவோம்

கடவுச்சொல்லைத் தவறுதலாகப் பதிவு செய்து அனுப்பிவிட்டால், அடுத்த பதிவில் அதனை நீக்குவது போதாது. பழைய பதிவில் அது நிலைத்திருக்கும். உடனே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

சுவடி காட்டிய வழி

வேறுபாட்டை அழிக்காமல் பதிந்து வைக்கும் நெறி நமக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடிய அவர், ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தக்க பாடத்தைத் தெரிந்தார்; வேறுபட்ட பாடங்களையும் குறித்து வைத்தார். பின்வந்த ஆய்வாளர் அவர் முடிவை ஏற்கவும் மறுக்கவும் அக்குறிப்புகள் இடமளித்தன.

ஏடுகளை ஒப்பிடும் உழைப்பைக் கணினி இன்று நொடியில் செய்கிறது. ஆயினும் வேறுபட்ட இரண்டனுள் எதைக் கொள்வது, இரண்டையும் கொள்வதா என ஆராய்ந்து துணியும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. ‘திருத்தினேன்’ என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பு பின்வருவோருக்குப் பயன்படாது. ‘ஏலம் என்னும் சொல்லின் இரு பொருளையும் பிரித்தமைத்தேன்’ என்னும் குறிப்பு, எழுதியவர் அருகில் இல்லாதபோதும் அவர் கருதியதை எடுத்துரைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றில் வழங்கும் பத்துச் சொற்களை இருவர் தனித்தனியே திரட்டி, வேறுபாடுகளை ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்குக.

2. ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் உள்ள ஐந்து சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘பிழையை மறைப்பதினும் திருத்தத்தைப் பதிவது மேல்’ என்னும் தலைப்பில் ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.