பொருந்தும் பாகம் எது?

கறுப்பு நிறம், கனமான உடல், விரலை நுழைத்துச் சுழற்றும் வட்டு, துணி சுற்றிய கம்பி. பழம்பொருள் கடைகளிலும் தாத்தா பாட்டி வீட்டு அலமாரிகளிலும் இத்தகைய தொலைபேசிகளை இன்றும் காணலாம். அவற்றுள் சில, ஒரே ஒரு பாகம் பழுதானதால் ஊமையாகிப் போனவை. அந்தப் பாகத்தை மாற்றினால் அவை மீண்டும் பேசும். ஆனால், பொருத்தமான பாகத்தை எப்படிக் கண்டறிவது?

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ‘வெளுத்ததெல்லாம் பாலன்று’ என்னும் பழமொழி இங்கு மிகவும் பொருந்தும். தோற்றத்தில் ஒத்த இரு பாகங்கள் செயலில் முற்றிலும் மாறுபடலாம். தோற்றத்தில் மாறுபட்டவை ஒன்றுக்கொன்று பொருந்தவும் செய்யலாம். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தொலைபேசிகள் இதற்கு நல்ல சான்றாகும். அத்துறைதான் அந்நாட்டில் நெடுங்காலம் தொலைபேசிச் சேவையையும் நடத்தி வந்தது.

அத்துறையின் தொலைபேசிகளுக்கு எண்களே பெயர். 1930களின் பிற்பகுதியில் வந்த 332, ‘பேக்கலைட்’ என்னும் கடினமான நெகிழியால் ஆனது. 1959இல் 706 அறிமுகமானது. அதன் உடல் இலகுவான நெகிழியால் செய்யப்பட்டது. கம்பி சுருள் வடிவில் இருந்தது. 1967இல் வந்த 746, வெளித்தோற்றத்தில் 706ஐப் பெரிதும் ஒத்திருந்தது.

எனவே, பழுதுபார்ப்பவர் முதலில் தேட வேண்டியது எண்ணைத்தான். தொலைபேசியின் அடிப்பகுதியில் மாதிரி எண்ணும், பல வேளைகளில் தயாரிப்பாளரின் குறியெழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பாகங்களுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. எடுத்துக்காட்டாக, 332இன் ரிசீவர் 164 என்னும் எண்ணைக் கொண்டது. அதற்கு முந்தைய 200 வகைத் தொலைபேசிகளிலும் இதே 164தான் பயன்பட்டது. ஆகவே, 232இலிருந்து கழற்றிய ரிசீவர் 332க்குப் பொருந்தும். ஆனால், 706இன் ரிசீவர் வடிவிலும் எடையிலும் வேறானது. அதன் செவிப்பகுதிக்குள் இருக்கும் பாகமும் 332இல் உள்ளதிலிருந்து மாறுபட்டது.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. பாகம் என்ன வேலை செய்கிறது என்பதையும் அறிய வேண்டும். ‘டயல்’ எனப்படும் சுழல்வட்டை எடுத்துக்கொள்வோம். வட்டைச் சுழற்றிவிட்டால் அது தானாகத் திரும்பி வரும். அவ்வாறு திரும்பும்போது மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட தடவை துண்டிக்கும். தொலைபேசி நிலையம் அத்துண்டிப்புகளை எண்ணித்தான் எந்த எண் சுழற்றப்பட்டது என்பதை அறியும். பிரிட்டனில் 1க்கு ஒரு துண்டிப்பு, 9க்கு ஒன்பது, 0க்குப் பத்து.

இதே 332 நியூசிலாந்துக்கும் ஏற்றுமதியானது. ஆனால், அந்நாட்டில் எண்களின் வரிசை தலைகீழாக இருந்தது. அங்கு 1க்கு ஒன்பது துண்டிப்புகள். 9க்கு ஒன்று மட்டுமே. நியூசிலாந்துச் சுழல்வட்டுள்ள தொலைபேசியைப் பிரிட்டனில் இணைத்து, ஆபத்து வேளையில் 999 என்று சுழற்றினால் என்ன நேரும்? நிலையத்தைச் சென்றடைவது 111 ஆகும். உதவி கேட்டவரின் அழைப்பு உரிய இடத்தை அடையாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவசர அழைப்புக்கு 999தான் பயன்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பிழையின் ஆபத்து நன்கு விளங்கும்.

இதைக் கண்டறிவது எளிது. சுழல்வட்டில் 0க்கு அடுத்து எந்த எண் உள்ளது என்று பார்த்தால் போதும். 9 இருந்தால் பிரிட்டிஷ் முறை. 1 இருந்தால் நியூசிலாந்து முறை. இரண்டும் ஒரே மாதிரிச் சுழல்வட்டாக இருப்பின், எண்கள் அச்சிட்ட தகட்டை மாற்றினாலே குறை தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களைத் தொட வேண்டியதில்லை.

மணியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. 706, 746 ஆகிய இரண்டின் மணிகளும் பார்ப்பதற்கு மிகவும் ஒத்தவை. ஆனால், 706இன் மணிச் சுருள்களின் மின்தடை 1,000 ஓம். 746இல் அது 4,000 ஓம். நான்கு தொலைபேசிகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய மின்னோட்டத்தை 1,000 ஓம் மணி ஒன்றே இழுத்துக்கொள்ளும். நால்வருக்குச் சமைத்த சோற்றை ஒருவரே உண்டுவிட்டால் மற்றவர்கள் பசித்திருப்பார்கள் அல்லவா? அதுபோலவே, அதே இணைப்பில் உள்ள மற்றத் தொலைபேசிகளின் மணிகள் மெலிதாக ஒலிக்கும் அல்லது ஒலிக்காமலே போய்விடும். இதனால்தான் பழைய மணியைப் புதிய இணைப்பில் பயன்படுத்துவோர் 3,300 ஓம் மின்தடை ஒன்றை அதனுடன் தொடராக இணைக்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது, அளவுமானியே காட்டும்.

சில வேளைகளில் மாற்றுப் பாகமே தேவைப்படாது. வாய்ப்பகுதிக்குள் கரித்துகள்கள் நிறைந்த சிறு பெட்டி ஒன்று உண்டு. நெடுநாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் குரல் மங்கிவிடும். அப்பெட்டியை வெளியே எடுத்து மெதுவாகத் தட்டினால் துகள்கள் தளர்ந்து, குரல் தெளிவடைவதுண்டு. சுழல்வட்டையும் அவ்வாறே சோதிக்கலாம். அது நொடிக்குப் பத்துத் துண்டிப்புகள் என்னும் வேகத்தில் இயங்க வேண்டும். ஆகவே, 0 சுழற்றப்பட்ட பின் வட்டு திரும்பி வர ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதைவிட மிகுந்த நேரம் எடுத்தால், அழுக்கை நீக்கி வேகத்தைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கலாம்.

எந்தப் பாகத்தைத் தொடுவதற்கு முன்பும் தொலைபேசியை இணைப்பிலிருந்து நீக்க வேண்டும். பிரிட்டிஷ் இணைப்பில் மணியை ஒலிக்கச் செய்யும் மின்னழுத்தம் சுமார் 75 வோல்ட். அது விரலை அதிரச் செய்யும். மாணவர்கள் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையின்றி இப்பணியில் ஈடுபடக் கூடாது. கம்பிகளைக் கழற்றுமுன் அவை எங்கெங்கே இணைந்துள்ளன என்பதைப் படம் பிடித்துக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடவும் கூடாது. அதில் பொறித்துள்ள எண்தான் அடுத்துத் தேட வேண்டிய பாகத்தைக் காட்டும். புதிதாகப் பொருத்தியது தவறென்று தெரியவந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதும் அதுவே.

பாகத்தைத் தேடும் பணி கடையில் தொடங்குவதில்லை. கையில் இருக்கும் பொருளை உற்றுநோக்குவதில்தான் தொடங்குகிறது. எண்ணைப் படித்து, செயலை அறிந்து, அளந்து பார்த்து, அதன் பின்னரே மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றுபவரின் கையில், பல்லாண்டுகள் ஊமையாகக் கிடந்த தொலைபேசியும் ஒருநாள் மீண்டும் மணியடிக்கும்.