ஆய்வுகூடமும் அவதானமும்

விஞ்ஞானம் கண்ணாற் கண்டு, கையாற் செய்து, கருத்தால் தெளியும் கல்வியாகும். அச்செய்கை நிகழும் களமே ஆய்வுகூடம். அங்கே தீ உண்டு, நஞ்சு உண்டு, உடையும் கண்ணாடியும் உண்டு. ஆதலின் அதனைக் கண்டு நடுங்குவோர் சிலர். சற்றும் அஞ்சாது விளையாடுவோர் வேறு சிலர். இவ்விரு சாராரும் பிழைபட்டோரே. அஞ்சாமையைப் புகழும் நம் அறநூல்கள், அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுதலையும் அறிவென்றே கொள்ளும்.

தமிழாசிரியனுக்கு விஞ்ஞானகூடத்தில் என்ன வேலை என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை ஒன்றே. ஆய்வுகூடத்தில் முதற்செய்கை ஊற்றுவதும் அன்று, சூடாக்குவதும் அன்று, வாசிப்பதே. போத்தலைத் தொடுமுன் அதன் பெயர்ச்சீட்டை வாசித்தல் வேண்டும். எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றுமுன் ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என மும்முறை வாசித்தல் நன்று. ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம், சோடியமைதரொட்சைட்டுக் கரைசல், மதுசாரம், வடித்த நீர் ஆகிய நான்கும் நிறமற்றவை. கண் இவற்றை வேறு பிரித்தறியாது. எழுத்தே பிரித்துக் காட்டும்.

இவ்வுண்மை தோட்டப்புறத்து மாணாக்கர்க்குப் புதியதன்று. களைகொல்லியைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து அறையின் மூலையில் வைத்தால் எத்தகைய கேடு விளையும் என்பதை அவர் அறிவர். மாற்று மருந்தில்லாத பரகுவாட் என்னும் களைகொல்லி இந்நாட்டில் 2008 முதல் 2011 வரையிற் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆயினும் பெயரில்லாப் போத்தல் என்னும் கேடு சட்டத்தால் மட்டும் நீங்குவதன்று. செப்புச்சல்பேற்றுப் பளிங்கு நீலக் கற்கண்டு போல் அழகியது. 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோயை அடக்க உதவியவை செம்புச் சேர்வைகளே; எனினும் அப்பளிங்கு வாயிற் புகின் நஞ்சாம். ஆகவே ஆய்வுகூடத்தில் எதனையும் சுவைத்தலாகாது. உண்ணலும் பருகலும் ஆகா. பெயரில்லாப் போத்தலை ஆசிரியரிடம் ஒப்படைத்தலே முறை.

இங்கே மொழி பற்றிய இடர் ஒன்று உண்டு. பாடம் தமிழில் நடைபெற, போத்தலின்மேல் எழுத்தோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. அந்நாளிலேயே ஒரு நூல் முழுவதும் தமிழாக இயன்றதெனின், இன்று ஒரு போத்தலுக்குத் தமிழ்ச்சீட்டு எழுதுதல் அரிய செயலன்று. பொருளின் பெயர், அதன் செறிவு, அதனால் வரும் ஆபத்து ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்ட முறையின்படி, செந்நிற விளிம்புடைய சாய்சதுரத்துள் அமைந்த ஒன்பது குறிகள் உலகெங்கும் வழங்குகின்றன. தீச்சுடர் எரிதலையும், மண்டையோடு நஞ்சையும், கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளி அரிப்பையும் குறிக்கும். இவையும் எழுத்துக்களே, இவற்றையும் மாணாக்கர் கற்றல் வேண்டும்.

விதியை மனனஞ் செய்தல் மட்டும் போதாது; காரணமும் தெரிதல் வேண்டும். அமிலத்தை நீருள் ஊற்றுக. நீரை அமிலத்துள் ஊற்றற்க என்பர். ஏன்? செறிந்த சல்பூரிக்கமிலம் நீரினும் ஏறக்குறைய 1.84 மடங்கு அடர்த்தியுடையது; நீருடன் கலக்கும்போது பெருவெப்பத்தை வெளிவிடும். அதன்மேல் விழுந்த சிறிது நீர் மேலே மிதந்து, அவ்வெப்பத்தாற் கொதித்து, அமிலத்தையும் வாரி முகத்தில் இறைக்கும். நிறைந்த நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினாலோ, நீர் முழுவதும் அவ்வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

மலையகத்தின் குளிரும் கருதத் தக்கது. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் மூடுபனி இறங்கியவுடன் சன்னல்களைச் சாத்துதல் நம் வழக்கம். ஆவியெழும் சோதனை நடைபெறுங்கால் இவ்வழக்கம் ஆகாது. குளிரைப் பொறுத்தேனும் சன்னலைத் திறந்து வைக்க. குளிருக்கணியும் சுவெற்றரும் கழுத்துச் சால்வையும் தீயருகே பகையாகும். 2008 டிசெம்பர் 29ஆம் நாள், லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், காற்றுப் பட்டவுடன் தானே எரியும் திரவமொன்றை ஊசிக்குழாயால் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளர் தீயில் அகப்பட்டார். அவர் ஆய்வுகூட மேலங்கி அணிந்திலர். செயற்கையிழைச் சுவெற்றர் தீயைப் பற்றிக்கொண்டது. பதினெட்டாம் நாள் அவர் உயிர் துறந்தார். செல்வம் மிக்க பல்கலைக்கழகத்திலும் ஒரு பருத்தி மேலங்கியின் குறை உயிரைக் கொள்ளுமென்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. மேலும், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். நூலில் 100 என்றிருப்பதால் வெப்பமானி பழுதென்றெண்ணித் தீயை மேன்மேலும் பெருக்குதல் பேதைமையாம்.

இடர் நேரின் முதல் மருந்து நீரே. அமிலமோ காரமோ கண்ணிற் பட்டால், இமையை விரித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவுக. தீப்புண்ணை 20 நிமிடம் குளிர்நீரில் வைத்திருக்க. பற்பசையும் எண்ணெயும் பூசற்க. அமிலம் பட்ட தோலிற் காரத்தை ஊற்றற்க. இவற்றைச் செய்துகொண்டே மருத்துவ உதவியை நாடுக. ஆதலாற் சோதனை தொடங்குமுன் குழாயில் நீர் வருகின்றதா எனப் பார்த்தல் ஆசிரியரின் முதற் கடமை.

விபத்துக்கு அஞ்சி ஆய்வுகூடத்தைப் பூட்டிவைத்தல் பாதுகாப்பு ஆகாது. பூட்டிய கதவின் வெளியே நிற்கும் மாணவன் சோதனையைக் கரும்பலகையில் மட்டுமே காண்பான். தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. அம்மலைச் சரிவுகளிற் கொழுந்து பறிப்போரின் மக்கள் அதன் ஆய்வுமேசைகளில் அமர வேண்டுமாயின், பள்ளியில் அவர்தம் கை பழக வேண்டும். கதவைத் திறந்து வைத்தற்குரிய ஒழுக்கமே அவதானம் என்க.

விழாக்காலத்தில் தாய்க்கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விழையும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பெயர் பொறித்த கல் நிற்கட்டும். அதனோடு கண்காப்புக் கண்ணாடிகள், பருத்தி மேலங்கிகள், ஒரு தீயணைக்கும் கருவி, மணல் வாளி, வற்றாத நீர்க்குழாய் ஆகியனவும் வரட்டும். தமிழ்ச்சீட்டு எழுதும் பணியைத் தமிழாசிரியர் ஏற்போம்.