வெயில் கிருமியைக் கொல்லும், விஷத்தை எடுக்காது



குழாய்த் தண்ணி நின்றுபோனால் கிணற்றுத் தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பதே நல்லது. அடுப்புக்கு வழியில்லாதபோது வெயில் உதவும். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா குழுவினர் இதை ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள்.

நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில், 2 லிட்டருக்கு மேற்படாமல், தெளிந்த தண்ணியை நிரப்பி மூடுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வையுங்கள். மேகம் மூடியிருந்தால் 2 நாள் வேண்டும். விடாத மழையில் பலிக்காது. கலங்கல் தண்ணியை முதலில் தெளியவைத்து வடிகட்டணும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைக்கிறது. அது பெருக முடியாமல் சாகிறது. அதே கதிர் நம் தோலின் உயிரணுவையும் தாக்கும். அப்படிச் சிதைந்த அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் தோல் புற்றுநோய். ஆகவே போத்தல் வெயிலில் இருக்கட்டும். வேலைக்காட்டில் நமக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

களைக்கொல்லி மருந்தையும் ஆலைக் கழிவையும் வெயிலும் எடுக்காது, காய்ச்சினாலும் போகாது. 2020 செப்டம்பரில் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. அத்தகைய ஆற்றுத் தண்ணிக்கு இந்த முறை ஆகவே ஆகாது. மருந்து வந்த போத்தலிலும் தண்ணி பிடிக்காதீர்கள்.

போத்தல் தற்காலிக உதவிதான். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி தோட்ட வீடுகளுக்கு இலவசக் குழாய்த் தண்ணி தருவது முதலாளியின் கடமை. தண்ணி வராவிட்டால் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.