மிளகாய் ஏன் எரிகிறது?

ஐதராபாத்துக்குப் படிக்க வந்த புதிதில், தெருவண்டி மிளகாய் பஜ்ஜி தின்று கண்ணீர் வடித்த தமிழ் மாணவருள் நானும் ஒருவன். உறைப்பு என்பது சுவையன்று, வலி.

மிளகாயிலுள்ள காப்சைசின், வலிநரம்பு முனையில் இருக்கும் டிஆர்பிவி1 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அப்புரதம் ஒரு வாயில் போன்றது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிற்கும் அதுவே திறக்கும். ஆகவேதான் மூளை ‘சுடுகிறது’ என்று மயங்குகிறது. உயிரணுவுக்கு வெளியே கால்சியம், உள்ளிருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதி. வாயில் திறந்ததும் சோடியத்தோடு அது உள்ளே பாய, நரம்பு கிளர்ச்சியுறுகிறது.

இதனைக் கண்டறிந்த முறை அழகானது. உறைப்பை உணராத உயிரணுக்களில் வலிநரம்பின் மரபணுக்களைத் தொகுதி தொகுதியாகப் புகுத்தி, காப்சைசினை இட்டு, கால்சியம் ஏறினால் ஒளி மாறும் சாயத்தைக் கொண்டு தேடினர், அமெரிக்காவில் டேவிட் ஜூலியசின் குழுவினர். 1997-இல் முடிவு வெளியாயிற்று. 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு.

மூன்றாவது பஜ்ஜி முதலாவதைப்போல் எரிவதில்லையே? புகுந்த கால்சியமே அவ்வாயிலை மெல்லச் சாத்திவிடுகிறது.

குண்டூரில் நாள்முழுதும் மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்களின் கைகளை நினைத்துப் பாருங்கள். எரிகிறதே என்று வெந்நீரில் கழுவினால் எரிச்சல் ஏறும். காப்சைசின் பற்றிய வாயில் இளஞ்சூட்டிற்கும் திறந்துகொள்ளுமன்றோ! வெறும் நீரில் அது எளிதில் கரையாது. எண்ணெய் தடவித் துடைத்து, பின்னர் சோப்பிட்டுக் குளிர்நீரில் கழுவுவதே வழி.